பிரசவ அறைக்குத் தண்ணீர்

பிப். 8, ஞாயிறு

காலையிலேயே சுள்ளென்று வெயில். பூசை முடிந்து கறி வாங்கல். கொழுந்தியா மேரி சாப்பிட வந்தாள். ஆத்தூர்ப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். பிரசவ அறையில் குழாய் இருக்கிறதாம், தண்ணீர் இல்லையாம். பிள்ளை பெற வருகிறவளின் புருஷன்தான் தெருக்குழாயில் பிடித்துச் சுமக்க வேண்டும்.

"போர் போட்டாச்சு மச்சான். மோட்டாரும் தொட்டியுந்தான் வேணும். கூடுதல் நிதி வந்துருக்காமே, உங்க ஆபீஸ்லதான் பிரிக்கிறாகளாம்?"

பட்டியல் போடுவதே நான்தான் என்றேன், கொஞ்சம் மிதப்பாக. "பாத்துக்கிறேம்மா." இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

பிப். 9, திங்கள்

பிரஷர் மாத்திரை வாங்க. ஸ்கூட்டர் பிரேக்.

தண்ணீர் வேலையைப் பட்டியலில் சேர்த்தாயிற்று. கூடவே பள்ளிக் கூரை, அங்கன்வாடி, தெருவிளக்கு, சாலை. எல்லாம் நியாயமான தேவை, அந்தச் சாலையைத் தவிர. நன்றாக இருக்கிற சாலை. அதன் மேல் இன்னொரு அடுக்கு தார்.

பிப். 11, புதன்

கூட்டம். ஏ.சி. ஓடவில்லை.

மார்ச்சுக்குள் முடியாத வேலைக்குப் பணம் கிடையாது, மிஞ்சினால் திரும்பிப் போய்விடும். அதனால் எங்கள் ஆபீஸ் பெரியவர் ஒவ்வொன்றாகப் படித்து "ரெடியா?" என்பார். ரெடியோ இல்லையோ, "ரெடி சார்" என்பது வழக்கம். அப்புறம் ஓடி ஓடித் தயார் செய்வோம்.

சாலை? "ரெடி சார்." பள்ளிக் கூரை? "ரெடி சார்." பிரசவ அறைத் தண்ணீர்? சுகாதாரத் துறைக்காரர் வேலைக்குப் புதுசு. என்னைப் பார்த்தார். எதிரே ஆபீஸ் சூப்பிரண்டு. மேரி என் கொழுந்தியா என்பது அவருக்குத் தெரியும். சொந்தக்காரிக்குத் தள்ளிவிட்டான் என்று நாளைக்குப் பேசுவாரே.

"போர் தண்ணீர் டெஸ்ட் ரிசல்ட் இன்னும் வரல சார்" என்றேன். இரண்டு நாளில் வந்துவிடும். அதைச் சொல்லவில்லை.

"அப்ப அடுத்த வருஷம் பாப்போம்." அந்தப் பணமும் சாலைக்கே.

டீக்கடையில் சாலை இன்ஜினீயர் தோளில் தட்டினார். "ஏண்ணே, ரெடின்னு ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதான? நாங்க இன்னும் அளவே எடுக்கல." சிரித்தார். நானும் சிரித்தேன்.

அத்தனை பேரில் உண்மை சொன்னவன் நான் ஒருத்தன். அவமானமாக இருக்கிறது. என் பேர் கெடக் கூடாது என்றுதானே சொன்னேன்.

பிப். 13, வெள்ளி

ரிசல்ட் வந்தது. நல்ல தண்ணீர்.

எடுத்துக்கொண்டு பெரியவர் அறை வாசல் வரை போனேன். உள்ளே ஆள். திரும்பிவிட்டேன். ஆள் போன பிறகும் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் ஜெசி: "மேரி விசயம் என்னங்க ஆச்சு?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்." பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். கட்டின பெண்டாட்டியிடமே இப்படி.

பிப். 18, திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பல். ஒருசந்தி நோன்பு, பசியில் தலைவலி. சாலைக்கான உத்தரவு இன்று கையெழுத்தாகிவிட்டது. இனி மாற்ற வழியில்லை.

சாயங்காலம் மேரி போன். பின்னால் மண்வெட்டிச் சத்தம், ஆள் சத்தம்.

"மச்சான், நீங்க பாத்துக்கிறேன்னு சொன்னத ஊர்ல சொன்னேன். தொட்டி வைக்க மேடை கட்டிக்கிட்டு இருக்காக. பொண்டாட்டி பிரசவத்துக்குத் தண்ணி செமந்த ஆளுக அம்புட்டுப் பேரும். ஒத்த ஆளு கூலி கேக்கல."

"மேரி..." என்றேன்.

"இருங்க மச்சான், ஸ்பீக்கர்ல போடுறேன். தொட்டி எப்ப வருதுன்னு நீங்களே அவுகளுக்குச் சொல்லிருங்க."

மண்வெட்டி நின்றது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

"அடுத்த மாசம் வந்துரும்" என்றேன்.

கை தட்டினார்கள்.