உங்கள் நாவலுக்கு இரண்டு முடிவுகள்

அன்புள்ள சார்,

இன்று காலை சாம்பிள் ரூமில் புது லேடீஸ் ஷூ ஒன்றில் காலை நுழைத்தேன். ஒட்டப் போட்ட சொல்யூஷன் வாடை இன்னும் போகாத ஷூ. உடனே நீங்கள் நினைவில் வந்து நின்றுவிட்டீர்கள். நிம்மதியாக நாலு அடி நடக்க முடியவில்லை.

உங்களுக்குத் தெரியாததா? நம் கம்பெனியில் பெண்கள் ஷூவுக்கு சாம்பிளை முப்பத்தேழாம் நம்பரில்தான் போடுவார்கள். என் கால் அச்சாக அந்த அளவு. அதனால் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் என்னைக் கூப்பிட்டு, போட்டு நடக்கவிட்டு, எங்கே கடிக்கிறது என்று கேட்பார்கள். வரைந்தவர், வெட்டியவர், விலை பேசியவர் எல்லாரும் ஆண்கள். கால் மட்டும் என்னுடையது. அக்கவுண்ட்ஸ் மேசையிலிருந்து அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நீங்கள், ஒருநாள் உங்கள் நாவலின் முதல் அத்தியாயத்தை என்னிடம் நீட்டினீர்கள். ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண் தானே சொல்லும் கதை.

"நான் ஆம்பள. இதையும் போட்டு நடந்து பாத்து சொல்லும்மா" என்றீர்கள்.

அப்புறம் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும், சாப்பாட்டு நேரத்தில், "கடிக்குதா?" என்ற அதே கேள்வி. கடித்த இடத்தையெல்லாம் சொன்னேன். காலையில் கம்பெனி பஸ்ஸில் அவள் ஜன்னல் வழியே பாலாற்றைப் பார்த்து ஏங்குவதாக எழுதியிருந்தீர்கள். அந்த நேரத்தில் அவள் தூங்கத்தான் செய்வாள் என்றேன். சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்துவிட்டீர்கள். ஆண் எழுதினால் என்ன, கேட்டுத் திருத்தத் தெரிந்தால் போதாதா என்று அப்போது நினைத்தேன்.

கடைசி அத்தியாயத்தில்தான் மல்லுக்கு நின்றீர்கள். அவளை வேலையிலிருந்து நிறுத்திய புருஷன், வயதான பிறகு கண்கலங்கி மன்னிப்புக் கேட்கிறான். அவளும் மன்னித்துவிடுகிறாள். எனக்கு எரிச்சலாக வந்தது. கல்யாணமானதும் நைட் டூட்டி வேண்டாம் என்று நீங்கள் உங்கள் மனைவியை, அக்காவை, நர்ஸ் வேலையிலிருந்து நிறுத்தியது ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். அவள் மன்னிக்கவில்லை சார், உங்களை நீங்களே மன்னித்துக்கொள்கிறீர்கள் என்றேன். உங்கள் முகம் மாறிவிட்டது.

"உனக்குக் கோவம் ஜாஸ்திம்மா. அவ அப்படி இல்ல."

ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் அவள் மன்னிக்காத இன்னொரு முடிவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தீர்கள். எனக்காக எழுதியதாகவும், உங்களுக்கு அதில் மனசில்லை என்றும் சொன்னீர்கள். எது அச்சுக்குப் போக வேண்டும் என்று சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

இப்போது பதிப்பாளர் அவசரப்படுத்துகிறார். நீயே முடிவு பண்ணு என்று அக்கா என் தலையில் கட்டிவிட்டார். கொஞ்ச நாளாக எனக்குத் தூக்கமே இல்லை. மன்னிக்கிற முடிவைப் போட்டால் அந்தப் பெண்ணுக்குத் துரோகம். மன்னிக்காததைப் போட்டால், நீங்கள் நம்பாத ஒன்றை உங்கள் பெயரில் விற்கிறேன். பெண்ணின் கண்ணால் பார்த்த ஆண் என்று வெளியீட்டு மேடையில் உங்களைப் புகழ்வார்கள். நான் கீழே உட்கார்ந்து கைதட்ட வேண்டும்.

நேற்று சத்துவாச்சாரியில் உங்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா பக்கத்து வீட்டு அம்மாவுக்கு பிரஷர் பார்த்து அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். இரண்டு முடிவுகளையும் வாசித்துக் காட்டினேன். பிரஷர் மெஷினின் பட்டையைச் சுற்றிக்கொண்டே கேட்டார். முதலாவதுக்கு, அவரேதான் இது என்று சிரித்தார். இரண்டாவதை வாசிக்கும்போது கை நின்றுவிட்டது. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

"இதையே போட்டுடும்மா," என்றார். "நான் அவர மன்னிச்சிட்டேன். அவளாவது மன்னிக்காம இருக்கட்டும்."

அதையே அனுப்பிவிட்டேன். ஆணால் பெண்ணின் பக்கம் நின்று எழுத முடியுமா என்பதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. எனக்காக எழுதியதாகச் சொன்னீர்களே சார், அதை எழுதும்போது உங்கள் மனதில் இருந்தது நானா, அக்காவா? அதை யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் திரிந்துகொண்டிருக்கிறேன்.