மூன்றாவது கேட்

நொரீனுக்கு,

நான்கு புகார் எழுதிய பிறகு, நம் ஹைபிரிட் காரைச் சோதிக்க கம்பெனி அடிலெய்டிலிருந்து கீரன் என்ற மெக்கானிக்கை அனுப்பியது. வாங்கி வருஷம்கூட ஆகாத வண்டி, நிறுத்தினால் சத்தமே இல்லாமல் தானாக முன்னால் நகர்கிறது என்பதுதான் என் புகார்.

நம் பண்ணைப் பாதையில் அவன் ஓட்டினான். நீ உட்காரும் பக்கம் நான் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் இருப்பவர்தானே இறங்கி கேட்டைத் திறந்து, வண்டி தாண்டியதும் சாத்திவிட்டு ஏற வேண்டும்? முதல் இரண்டு கேட்டுக்கும் இறங்கினேன். ஆட்டுப்பட்டியை ஒட்டிய மூன்றாவது கேட்டில் எனக்குக் கால் எழவில்லை.

எஞ்சின் ஓடாத அந்த அமைதியில் சங்கிலி கழலும் சத்தம் கேட்டது. கேட் மெதுவாகத் திறந்தது.

"என்ன பெருசு, ரிமோட் கேட்டா வச்சிருக்கீங்க?" என்று சிரித்தான்.

"வெறும் சங்கிலிதான்ப்பா. நீ போ."

தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தான். கேட் சாத்தி, சங்கிலி மாட்டியிருந்தது. அவன் தன் பக்கக் கதவைப் பூட்டிக்கொண்டான்.

இன்று கம்பெனியின் பதில் வந்தது. வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்களாம். அதற்கு நான், பிப்ரவரியில் நீ அந்த மூன்றாவது கேட்டைத் திறந்துகொண்டிருந்தபோது வண்டி தானாகத்தான் உன்மேல் உருண்டது, என் கால் பிரேக்கில்தான் இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

போட்டுவிட்டேன். அதையே உனக்கும் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா நகரவில்லை.

வெளியே நம் வாசல் கேட்டின் சங்கிலி கழல்கிறது.

நீ இருந்தவரை ஒருநாளும் கேட் திறக்க இறங்காத
உன் கணவன்