முட்டை தின்னாதவர்களின் துண்டு

கேக்குக்கென்று பிரண்டியில் ஊறவைத்த பிளம்ஸ் போத்தலை இன்று காலை திறந்தேன். மணம் மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது, கூடவே கோபமும். செத்தவர்களோடு கோபிக்கக் கூடாதாம். சொன்னவர்களுக்கு உன்னைப் போல ஒரு சிநேகிதி இருந்திருக்க மாட்டாள்.

தெல்லிப்பழையில் நாம் இருவரும் சேர்ந்து கலியாணக் கேக் போட்ட நாட்களில் அடுப்பு என் பொறுப்பு, கணக்கு உன் பொறுப்பு. எத்தனை இறாத்தல், எத்தனை துண்டு, என்ன விலை என்று நீதான் கலியாண வீட்டாரோடு கதைப்பாய். அந்தக் காங்கேசன்துறைக் கலியாணத்துக்கு மூன்றடுக்கு கேட்டார்கள். விலையைக் கேட்டதும் பெண்ணின் தகப்பன் முகத்தைச் சுளித்தார். வந்த வேலையை விட உனக்கு மனமில்லை.

"வாற சனத்திலை பாதி சைவம். முட்டை போட்ட கேக்கைத் தொடாயினம். கீழடுக்கைச் சின்னனாக்கினால் விலையும் இறங்கும்" என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாய்.

"தின்னாட்டிலும் வீட்டை கொண்டுபோக வாங்குவினமடி" என்றேன்.

"உனக்கு அடுப்பு மட்டுந்தான் தெரியும்."

வாங்கினார்கள். ஒருவர் விடாமல் வாங்கினார்கள். விரதக்காரர்கூட அயல்வீட்டுப் பிள்ளைக்கென்று இரண்டாகக் கேட்டு மடியில் வைத்துக்கொண்டார்கள். பாதிப் பந்தலைத் தாண்டுமுன் தட்டம் வெறுமையாயிற்று. முதற்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கென்று எடுத்துவைக்கும் மேலடுக்கையும் நீ வெட்டிவிட்டாய். அதைக் கண்டு பெண் அழுதாள். தாய் குசினிக்குள் வந்து, "ஆர் எண்ணினது?" என்று கேட்டார்.

என்னைப் பார்க்காமலே, "உவள்தான்" என்றாய்.

நான் வெறுந் தட்டத்தைக் கழுவப் போனேன். பிறகாவது நீ உண்மையைச் சொல்லுவாய் என்று நம்பினேன். நீ சொல்லவில்லை. அதன்பிறகு கேக் கேட்டு உன் வீட்டுக்குத்தான் ஆட்கள் வந்தார்கள். நீயும் வேறொருத்தியை அடுப்படிக்கு வைத்துக்கொண்டாய். நான் தனியாகப் போட்டு விற்கப் போனால், "துண்டு எல்லாருக்கும் காணுமோ?" என்று கேட்டே விலையைக் குறைத்தார்கள். எத்தனையோ வருடம் அந்தக் கேள்வியைத் தின்றேன்.

உன் செத்தவீட்டில் அந்தக் காங்கேசன்துறைப் பெண்ணின் தாய் என் கையைப் பிடித்தார். "பிழை தன்ரை எண்டு ஆஸ்பத்திரியிலை வைச்சு எனக்குச் சொன்னவ, பிள்ளை" என்றார்.

அவரிடம் சொன்னாயா? அதே கட்டிலடிக்கு நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்தவள் நான். என்னிடம் நீ சொன்னதெல்லாம் உப்புக் குறைவு என்பதுதான். ஒரு வார்த்தை, ஒரேயொரு வார்த்தை எனக்குச் சொல்லியிருந்தால் உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டு அழுதிருப்பேன். இப்போது யாரைத் திட்டுவது?

மத்தியானம் ஒரு பெண், மகளின் கலியாணத்துக்கு மூன்றடுக்கு கேட்டு வந்தார். முட்டை தின்னாதவர்களை முதலில் எண்ணி, ஆளுக்கு இரண்டு துண்டு போட்டு விலை சொன்னேன்.

"கொஞ்சம் குறைக்கேலாதோ?"

"ஏலாது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "என்னக்கா, கோவமோ?"

"ஓம்" என்றேன்.