வெள்ளைப் புள்ளி வைத்த புழுக்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் ஈக்காரி எழுதுவது. இதை முதலில் பிரித்துப் படிக்கும் சிறை ஐயாவுக்கும் என் வணக்கம்.

நான் நலம். உடைந்த பல் இப்போது வலிப்பதில்லை. ஈ அறையில் நம் ஈக்கள் பெருகிக் கிடக்கின்றன. "ஈ ஓட்டுற கடைக்காரங்களப் பாத்திருக்கோம், ஈ வளக்கறவங்கள இங்கதான் பாக்குறோம்" என்று பூச்சிமருந்துக் கடைக்காரர் இன்னும் கிண்டல் செய்கிறார். சிரித்துவிட்டு வந்தேன். அந்துப்பூச்சியின் புழு நம் முட்டைக்கோஸைத் தின்று கொழுக்கும்போது, ஈ அதன் கழுத்தில் ஒரு வெள்ளை முட்டையை ஒட்டிவிட்டுப் போகிறது. முட்டையிலிருந்து வரும் குட்டி, சதையைத் துளைத்து உள்ளே போய், புழுவை உயிரோடு தின்று தீர்க்கிறது. அவர் விற்கும் எந்த மருந்தும் இவ்வளவு கொடூரமாகக் கொல்லாது.

உங்கள் வக்கீல் வந்திருந்தார். உங்களிடம் அடிபட்ட உங்கள் தம்பியே ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டால், உங்களைச் சீக்கிரம் விட்டுவிடுவார்களாம். அவனிடம் கேட்கட்டுமா?

அன்புடன்,
உங்கள் ஈக்காரி


பிப்ரவரி 21

என் ஈக்காரிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து மனது குளிர்ந்தது. கடைசி வரியைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அவனிடமா கேட்பாய்?

விதை வாங்க நான் வெளியூர் போன நேரம் பார்த்து நம் பாத்தியில் இறங்கினான். வெள்ளைப் புள்ளி வைத்த புழுக்களாகவே பொறுக்கி, வாளி நிறைய நசுக்கி வைத்திருந்தான். ஒவ்வொன்றுக்குள்ளும் நம் ஈ வளர்ந்துகொண்டிருந்தது. நம் ஒரு பருவத்து உழைப்பு அந்த வாளியில் கூழாகக் கிடந்தது. வாய்க்கால் ஓரம் நின்றுகொண்டு, "புள்ளி வச்சதா பாத்துப் பாத்துக் கொன்னேண்ணா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். மண்வெட்டி என் கையில் இருந்தது. அவன் வலது கை எலும்பு முறிந்த சத்தத்தை நினைத்தால்தான் எனக்கு இங்கே தூக்கம் வருகிறது. தலையில் போடாமல் விட்டோமே என்பதுதான் வருத்தம்.

ஈக்களுக்குத் தேன் தண்ணீர் மாற்ற மறக்காதே. நீயும் வேளைக்குச் சாப்பிடு.

உன்னவன்


மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

கோபப்படாமல் படியுங்கள். தம்பியைக் கூப்பிட்டு, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். இத்தனை நாளில் அந்தக் கேள்வியை அவனிடம் யாருமே கேட்கவில்லை.

"புழு மேல முட்டை இருந்தா அதுவும் புழுவாத்தானே பொரிக்கும்னு நெனச்சேன் அண்ணி. அண்ணன் வர்றதுக்குள்ள அதுங்களத் தீர்த்துட்டா சந்தோஷப்படுவாருன்னு, வெயில்ல குனிஞ்சு குனிஞ்சு பொறுக்குனேன்" என்றான்.

புள்ளி வைத்த புழுவைத் தொடக்கூடாது என்று அவனுக்கு யார் சொன்னது? நம் தொழில் ரகசியம், தம்பியாக இருந்தாலும் மூச்சு விடாதே என்று என் வாயைக் கட்டியது நீங்கள்தானே. அவன் சிரித்தது கேலிக்கு இல்லை. நீங்கள் மெச்சுவீர்கள் என்று சிரித்திருக்கிறான்.

அவன் வலது கை துணி போலத் தொங்குகிறது. உங்களுக்காக இடது கையில் கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு இரண்டு வரி எழுதுங்கள். மன்னிப்பு என்ற சொல்கூட வேண்டாம். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் போதும்.

அன்புடன்,
உங்கள் ஈக்காரி


மார்ச் 15

என் ஈக்காரிக்கு,

விடுதலையாகிப் போகும் ஒருவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் சிறை ஐயா படிக்க மாட்டார்.

நல்ல கதை விட்டிருக்கிறான், நீயும் தலையாட்டியிருக்கிறாய். நம் வீட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னான்? போகட்டும், கையெழுத்தை வாங்கிவிடு. அதுவரை அவனிடம் நல்ல வார்த்தை பேசு. வந்த பிறகு அந்த இடது கையையும் நான் கவனித்துக்கொள்கிறேன். தொழில் ரகசியத்தை அவனிடம் கொட்டிய உன்னையும் சேர்த்துத்தான். போன முறை ஒரு பல்லோடு விட்டேன், வாயில் இன்னும் நிறைய இருக்கிறது.

பிரியம் இருக்கிற இடத்தில்தானே கோபம் வரும்? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்னவன்


மார்ச் 28

உங்களுக்கு,

எந்த நாற்காலி என்று கேட்டிருந்தீர்கள். உங்களுடைய நாற்காலிதான்.

நேற்றும் தம்பி அதில்தான் உட்கார்ந்தான். உங்கள் வக்கீல் தந்த மனுவை மேசையில் விரித்து, அது நகராமல் இருக்க முழங்கையால் அழுத்திக்கொண்டு, இடது கையில் பேனாவைப் பிடித்தான். நான் உங்கள் கடிதத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். முழுக்கப் படித்தான். "கோவத்துல எழுதிட்டாரு அண்ணி, நான் போட்டுடறேன்" என்றான். அடி வாங்கியவனுக்கு இருக்கும் பாசத்தைப் பாருங்கள். எனக்குத்தான் தாங்கவில்லை. பேனாவைப் பிடுங்கிக்கொண்டு மனுவைக் கிழித்து அடுப்பில் போட்டேன். உங்கள் கடிதத்தை மட்டும் பத்திரமாக அரசு வக்கீலிடம் ஆதாரமாகக் கொடுத்திருக்கிறேன்.

இன்று காலை அவனை ஈ அறைக்கு அழைத்துப்போய் எல்லா ரகசியத்தையும் சொல்லிக்கொடுத்தேன். தட்டில் ஒரு புழு, கழுத்தில் வெள்ளைப் புள்ளியோடு இலையை மென்றுகொண்டிருந்தது. பார்த்தால் அதற்கு ஒன்றுமே ஆகாதது போல இருந்தது.

"இத ஒண்ணும் செய்ய வேணாமா அண்ணி?"

"வேணாம், விடு. உள்ள இருக்கறதே அதத் தின்னு தீர்த்துடும்" என்றேன். உங்கள் ஞாபகம் வந்தது. பயம் வரவில்லை.

இனி எழுத வேண்டாம். வந்தாலும் பிரிக்க மாட்டேன். மிச்சப் பற்கள் எனக்கு வேண்டும்.

ஈக்காரி