நினைவு மலரில் நான் மாற்றிய வரி

2006 மார்கழி 3, ஞாயிறு

மதியம் மகள் சுகந்தி வந்தாள். பல்கலைக்கழகத்தில் அவள் ஆராயும் இத்தாலிய அறிஞரைப் பற்றிக் கதைத்தாள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்.

“பழைய லத்தீன் நூல்களைத் திருத்தி அச்சிலை போடுறதுதான் அவரின்ர வாழ்நாள் வேலை, அம்மா. பிடிக்காத வரியைத் தானே மாத்திப்போடுவார். அச்சானதும் மூல ஏடு குப்பையிலை.”

“திருத்தினது நல்லாயிருந்தால் என்ன குறை?” என்றேன்.

“நீங்களும் அவரும் ஒரே வகுப்பிலை படிச்சனீங்கள் போலை” என்று சிரித்தாள். பிறகு, “அப்பா தன்ர வாழ்க்கையை எழுதிவைச்ச கொப்பியை நாளைக்குத் தாங்கோ. தமிழ் வாசிக்கத் தெரியாத என்ர பிள்ளையளுக்கு நோர்வேஜிய மொழியிலை எழுதிக் குடுக்கப்போறன்” என்றாள்.

என் கணவரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அந்தக் கொப்பியைப் படியெடுத்தவள் நான். ‘மனைவியின் கண்டிப்பே என்னைத் தாங்கியது’ என்ற வரியை எல்லோரும் பாராட்டினார்கள். நான் தலை நிமிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று கொப்பியைக் கிழிக்க இரண்டு முறை எடுத்தேன். கன்னியர் மடத்தில் வளர்ந்த கை அதைச் செய்யவில்லை. கொடுக்கவும் மனமில்லை.

அவர் எழுதியதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன். ‘மனைவியின் கண்டிப்பில் நாற்பது வருடம் மூச்சடக்கி வாழ்ந்தேன்.’

நல்ல வாக்கியம். திருத்த அதில் ஒன்றுமில்லை.