பூனை குடித்த டீ

அன்புள்ள சின்னவளே,

போன மாதம் போனில் குரலைத் தாழ்த்தி, "அக்கா, என் மருமக டீயில ஏதாச்சும் கலக்குறாளோ?" என்று கேட்டாய். அதனால்தான் ஒரு வாரம் வந்து தங்கிப் பார்த்தேன்.

எழுந்தால் உனக்குத் தலை சுற்றுகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது. எந்தப் பரிசோதனையிலும் ஒன்றும் பிடிபடவில்லை. நீயோ சர்க்கரை டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினாய். டீயில் பாதியைப் பூனைக்கு ஊற்றிப் பார்த்தாய். பூனை கொழுத்ததுதான் மிச்சம்.

நானும் அவள் டீ போடும்போதெல்லாம் பின்னால் போய் நின்றேன். "பெரியம்மா, உங்களுக்கும் ஒரு பூனை வேணுமா?" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். கட்டிலுக்கு அடியில் கிடந்த அவள் துணிப்பெட்டி பிறந்த வீட்டுக்குக் கிளம்ப வெளியே வந்திருக்கிறது, கவனித்தாயா?

நாம் இருவரும் போனபோது டாக்டர் "என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். "ஒண்ணுமே இல்ல" என்றாய் பெருமையாக. வகுப்பில் தின்பண்டம் வைத்திருப்பது யார் என்று கேட்டால், பையில் கொய்யாக்காய் வைத்திருக்கும் பிள்ளை கை தூக்காது. அது பொய்யல்ல. அதன் கணக்கில் காய் வேறு, பண்டம் வேறு.

அன்றிரவு நீ கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டாய். கேட்டதற்கு, "இது கண் அழுத்தத்துக்குத்தானேக்கா" என்றாய். உன் தலைசுற்றல் அந்தச் சொட்டு விட ஆரம்பித்த பிறகு வந்ததுதான். கண்ணில் விடுவதும் ரத்தத்தில் கலக்கும்; இப்போது என் சந்தேகம் அதன்மேல். தவறாகவும் இருக்கலாம், நீயாக நிறுத்திவிடாதே.

மருமகளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போ. அவர் எதையும் கேட்பதற்கு முன்பே அந்தச் சொட்டு மருந்துக் குப்பியை மேசைமேல் எடுத்து வை.

உன் அக்கா