நான் எழுதிக் கொடுத்த பொய்

செப்டம்பர் 8, திங்கள்

இன்றைய பயிற்சிக்குப் பதினெட்டு ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். பொய்ச் செய்தியை அடையாளம் காண மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்பதுதான் பாடம். வழக்கமாகக் காட்டும் பழைய வதந்திகள் எல்லாருக்கும் அலுத்துவிட்டன. அதனால் இந்த முறை நானே ஒன்றைத் தயாரித்து, தாளில் அச்சடித்துக் கொடுத்தேன்: 'பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்ட மூன்று மாணவிகள் மயக்கம். கொடுத்த நர்ஸ் தலைமறைவு.' படம், அக்கா மகளின் நாடக ஒத்திகையில் நான் எடுத்தது. சீருடையில் மூன்று சிறுமிகள் தரையில் கிடப்பார்கள்; நடுவில் பாப்பா, அக்கா மகள்.

பதினாறு வருடம் பத்திரிகையில் தலைப்புப் போட்ட கை, சும்மா இருக்குமா? பதினோரு பேர் அப்படியே நம்பிவிட்டார்கள். "மேடம், நானே எங்க ஸ்கூலுக்குப் போன் போடப் பாத்தேன்" என்றார் அறிவியல் டீச்சர். வீடு வரும்வரை பெருமை தாங்கவில்லை எனக்கு.

செப்டம்பர் 10, புதன்

அடுத்த பயிற்சிக்கு அறை கிடைக்கவில்லை. குடையையும் எங்கோ விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

காலை பத்தேகாலுக்கு அக்கா கூப்பிட்டாள். அழுகையில் பாதி புரியவில்லை.

"பாப்பா ஸ்கூல்ல மயங்கி விழுந்துட்டாடி... போட்டோ வந்திருக்கு... ஸ்கூல்ல யாருமே போனை எடுக்க மாட்டேங்கறாங்க..."

எந்தப் போட்டோ? அனுப்பச் சொன்னேன். வந்தது.

என் தாள். என் தலைப்பு. கீழே பொடி எழுத்தில் 'பயிற்சிக்காக மட்டும்' என்று போட்டிருந்தேனே, அந்த வரியை மட்டும் காணோம். வெட்டியிருக்கிறார்கள்.

"அக்கா, பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. அது பொய். நான்தான் எழுதினேன்."

"நீயா?" அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

யாருக்குன்னு சொல்றது? இது எத்தனை பேர்கிட்ட போயிருக்கும்?

அதே நாள், மாலை

அறிவியல் டீச்சரின் பள்ளியில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸைப் பெற்றோர்கள் சூழ்ந்துகொண்டார்களாம். தள்ளுமுள்ளில் படியில் உருண்டு, இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

'தலைமறைவு.' அந்தச் சொல்லை ஏன் போட்டேன்? சுவைக்காக. வேறெதற்கும் இல்லை — வெறும் சுவைக்காக.

செப்டம்பர் 12, வெள்ளி

கைக்கு எட்டிய எல்லாருக்கும் மறுப்பு அனுப்பினேன். வந்த ஒரே பதில்: "எதை மறைக்கப் பாக்குறீங்க?"

செப்டம்பர் 16, செவ்வாய்

அறிவியல் டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

அவருடைய ஒன்பதாம் வகுப்பு மாணவிகள், பயிற்சியில் கற்று வந்து அவர் சொல்லிக் கொடுத்ததைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 'இதை உங்களுக்கு யார் அனுப்பினாங்க?' என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே பின்னால் போனார்களாம். வேன் டிரைவர், அவருக்கு அனுப்பிய தையல்காரர், அவருக்கு அனுப்பிய மாமா... கரும்பலகையில் பெயர்கள் ஏறிக்கொண்டே போய், நேற்று கடைசிப் பெயர் வந்திருக்கிறது.

"என் வீட்டுக்காரர் பேரு மேடம். எழுதிட்டு எல்லாரும் என்னையே பாக்குறாங்க."

பயிற்சியன்று தாளைப் படம் எடுத்துப்போய், எவ்வளவு தத்ரூபம் பாருங்கள் என்று கணவரிடம் காட்டியிருக்கிறார். அவர் எதையும் காதில் வாங்காமல், படம் பெரிதாகத் தெரியட்டும் என்று கீழே வெட்டி, அண்ணன் குடும்பத்துக்கு அனுப்பிவிட்டார். 'நம்ம பிள்ளைங்களுக்கு மாத்திரை வேண்டாம்.' நல்ல எண்ணம்தான்!

"நீங்க என்ன பண்ணீங்க?" என்றேன்.

"சாக்பீஸை வாங்கி, அவர் பேருக்கு மேல என் பேரை எழுதினேன். அதுக்கு மேல உங்க பேரை." தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சுக்கங்க."

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க."

செப்டம்பர் 17, புதன்

அந்த வகுப்பில் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள்: "நாங்க பொய் சொன்னா தப்பு. நீங்க சொன்னா பாடமா மிஸ்?"



"இல்லம்மா. அதுவும் தப்புதான்."

செப்டம்பர் 20, சனி

பெற்றோர் கூட்டத்திலும் சொன்னேன். ஓர் அப்பா பாதியில் எழுந்து போனார். கடைசி வரிசையில் கட்டுப் போட்ட கையோடு நர்ஸ். என் பக்கம் திரும்பவே இல்லை.

செப்டம்பர் 25, வியாழன்

அந்தப் பள்ளியில் மறுபடி மாத்திரை ஆரம்பம். ஒற்றைக் கையால் மாத்திரையும் எடுத்துத் தண்ணீரும் ஊற்ற நர்ஸால் முடியாது. தலைமை ஆசிரியையிடம் அனுமதி கேட்டு, நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினேன். நாற்பத்திரண்டு பேரில் ஆறு பேர்தான் வாங்கிக்கொண்டார்கள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அக்கா பேசிவிட்டாள். பாப்பாவை இனி யாரும் படம் எடுக்கக் கூடாதாம். முக்கியமாக, நான்.

அக்டோபர் 9, வியாழன்

இன்று இருபத்தொன்பது பேர். பாதியிலேயே டம்ளர் தீர்ந்துவிட்டது. இதுவரை நர்ஸ் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று, வரிசையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார்:

"டம்ளர் பத்தாது. ஓடிப்போய் இன்னும் நாலு எடுத்துட்டு வாங்க."

ஓடினேன்.